செத்த மாட்டின் காது

கேள்வியை ஒருமுறை திருப்பிச் சொல்லிவிடுகிறேன், சரியாக விளங்கிக்கொண்டேனா என்று நீங்களே பாருங்கள். உங்கள் மாமாவுக்கு முல்லைத்தீவில் ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு மாட்டுப் பட்டி இருக்கிறது. 2022 டிசம்பரில் அடித்த குளிரில் 14 மாடு செத்தது. விதானையிடம், அதாவது கிராம அலுவலரிடம், சொன்னார், பெயரை எழுதிக்கொண்டு போனார்கள், அதற்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை. நீங்கள் கொழும்பில் வேலை செய்கிறீர்கள். அமெரிக்காவில் இருக்கும் உங்கள் கூட்டாளி ஒருவர், அங்கே கிராமப்புறக் கவுண்டிகளில் (நம் மாவட்டம் மாதிரியான பிரிவு) வரட்சி வந்தாலும் பனிப்புயல் வந்தாலும் மாட்டுக்காரரின் வங்கிக் கணக்கில் அரசாங்கப் பணம் தானாக விழும் என்று சொல்லியிருக்கிறார். அது எப்படி நடக்கிறது, இங்கே ஏன் நடப்பதில்லை என்பது உங்கள் கேள்வி. ஆனால் எழுதிய விதத்தைப் பார்த்தால், நீங்கள் உண்மையில் அறிய விரும்புவது மாமா எங்கே பிழை விட்டார், அடுத்த மாரிக்கு முன்னம் எதைச் செய்து வைக்கலாம் என்பதுதான் என்று எனக்குப் படுகிறது. இரண்டையும் சொல்கிறேன்.

நான் மிருக வைத்தியர் இல்லை, சட்டத்தரணியும் இல்லை. இருபத்து மூன்று வருடம் கால்நடை இழப்பு மதிப்பிடும் வேலை பார்த்தவன். வீடு வெள்ளவத்தையில், வேலை பெரும்பாலும் வன்னியிலும் மட்டக்களப்பிலும். அமெரிக்கத் திட்டங்களை நான் படித்தது தொழிலுக்காக. அங்கே போய் ஒரு கவுண்டி அலுவலகத்தில் உட்கார்ந்து பார்த்தது கிடையாது. ஆகவே அந்தப் பக்கம் விதிகளை உறுதியாகச் சொல்வேன். இந்தப் பக்கம் கண்ணால் கண்டதையும் சேர்த்துச் சொல்வேன்.

முதலில் அந்தத் ‘தானாக’ என்ற சொல்லைத் திருத்திக்கொள்ளுங்கள். அங்கே எதுவும் தானாக விழுவதில்லை. இரண்டு வேறு திட்டங்களை உங்கள் கூட்டாளி ஒன்றாகச் சேர்த்துவிட்டார். ஒன்று, காலநிலையால் மாடு செத்தால் கொடுக்கும் இழப்பீடு. மற்றது, வரட்சியால் புல் காய்ந்தால் கொடுக்கும் தீவனப் பணம். இரண்டும் 2008 ஆம் ஆண்டு விவசாயச் சட்டத்தில் வந்து, 2014 ஆம் ஆண்டுச் சட்டத்தில் நிரந்தரமாக்கப்பட்டவை. இரண்டையும் கவுண்டி மட்டத்தில் இருக்கும் விவசாய அலுவலகம் நடத்துகிறது. அதற்கு மேலே அந்த ஊர் விவசாயிகளே வாக்குப் போட்டுத் தெரிவு செய்யும் ஒரு குழு இருக்கிறது, மூன்று முதல் பதினொரு பேர். இது எனக்குப் பிடித்த ஏற்பாடு. பக்கத்துப் பண்ணைக்காரனுக்கு உன்னிடம் எத்தனை மாடு நின்றது என்பது தெரியும், இல்லாத மாட்டைச் சாகடித்துக் காட்டுவது கஷ்டம். சொந்தக்காரருக்கு ஒரு கண்ணை மூடிக்கொள்வதும் அதே ஏற்பாட்டில் சுலபம், அது வேறு கதை.

மாடு செத்த கணக்கு இப்படிப் போகும். ஒரு வருடத்தில் எப்படியும் கொஞ்ச மாடு சாகும். அதற்கென்று மாநிலத்துக்கு மாநிலம் ஒரு வீதம் வைத்திருக்கிறார்கள். அதற்கு மேலே செத்ததற்குத்தான் பணம், அதுவும் சந்தை விலையின் 75 சதவீதம். விளங்குவதற்காக ஒரு கணக்குப் போடுவோம்: 200 மாடு, வழமையான சாவு நூற்றுக்கு ஒன்றரை என்றால் மூன்று மாடு. பனிப்புயலில் 20 செத்தால் 17 மாட்டுக்கு, விலையின் முக்கால் பங்கு. உங்கள் மாமாவின் 14 மாட்டையும் அங்கே இப்படித்தான் கழித்துப் பார்ப்பார்கள். செத்ததற்குச் சாட்சி வேண்டும்: திகதியுள்ள படம், மிருக வைத்தியரின் கடிதம் போன்றவை. அதைவிட முக்கியமாக, சாவதற்கு முன்னம் அத்தனை மாடு இருந்ததற்குச் சாட்சி வேண்டும்: வாங்கிய பற்றுச்சீட்டு, வங்கிக் கடனுக்குக் கொடுத்த கணக்கு, வைத்தியரின் பதிவு. இந்த ‘முன்னம்’ என்பதை நினைவில் வையுங்கள். திரும்ப வருவேன்.

வரட்சிப் பணம் இதைவிடச் சுவாரசியமானது. அதில் ஒரு மாடும் சாகத் தேவையில்லை. நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் இருக்கும் வரட்சி நிலையமும் மத்திய அரசின் விவசாய, வானிலைத் துறைகளும் சேர்ந்து, 1999 இலிருந்து வாரத்துக்கொரு வரட்சி வரைபடம் போடுகிறார்கள். வியாழக்கிழமை வெளிவரும். மஞ்சளில் தொடங்கி செம்மஞ்சள், சிவப்பு, கருஞ்சிவப்பு என்று கடுமை ஏறும். மேய்ச்சல் காலத்தில் ஒரு கவுண்டியின் எந்த மூலையிலாவது செம்மஞ்சள் தொடர்ந்து எட்டு வாரம் நின்றால், அந்தக் கவுண்டியில் மாடு வளர்ப்பவர்கள் ஒரு மாதத் தீவனச் செலவின் 60 சதவீதத்தைக் கேட்கலாம் என்பது நெடுநாளாக இருந்த விதி. 2025 இல் அந்த எட்டை நான்கு வாரமாகத் தளர்த்தினார்கள். கருஞ்சிவப்பு நான்கு வாரம் இருந்தால் ஐந்து மாதத்துக்கான பணம். ஆளுக்கு வருடத்தில் 125,000 டொலருக்கு மேல் போகாது. விண்ணப்பம் போட வேண்டும், கெடுத் திகதியும் உண்டு. ஆனால் ‘என் புல் காய்ந்தது’ என்று யாரும் நிரூபிக்க வேண்டியதில்லை. வரைபடம் சொன்னால் சரி.

‘எந்த மூலையிலாவது’ என்பதைக் கவனித்தீர்களா? நெப்ராஸ்காவில் செரி கவுண்டி என்று ஒன்று. மாட்டுக்குப் பேர்போன இடம். பரப்பு 15,000 சதுர கிலோமீட்டருக்கு மேல். நம் முழு நாடும் 65,610 தான்; கிட்டத்தட்டக் கால்வாசி. மட்டக்களப்பு மாவட்டத்தைப் போல ஐந்து மடங்கு. அங்கே வாழும் சனமோ ஐயாயிரத்துச் சொச்சம். வெள்ளவத்தையில் ஒரு சில ஒழுங்கைகளுக்குள் அடங்கிவிடும். அவ்வளவு பெரிய கவுண்டியின் தெற்கில் மழை பெய்து புல் இடுப்பளவு நின்றாலும், வடமூலை செம்மஞ்சளானால் தெற்கில் இருப்பவனும் கேட்கலாம். விதி அப்படி. இது நியாயமா என்று அங்கேயே வாதம் நடக்கிறது. என் கணக்கில், ஆளாளாக நிரூபிக்கச் சொல்லி ஆறு மாதம் இழுப்பதைவிட நாலு பேருக்கு வீணாகப் போவது மலிவு. இது என் அபிப்பிராயம் மட்டும். வரிப்பணம் கட்டுபவர் வேறு மாதிரிச் சொல்வார்.

அவ்வளவு ஒழுங்கான நாட்டிலும் கோட்டை விட்டார்கள். 2013 அக்டோபர் முதல் வாரம், தென் டக்கோட்டாவின் மேற்குப் பக்கம். மாடுகள் இன்னும் கோடை மேய்ச்சலில் நின்றன, குளிர்கால மயிர் வளரவில்லை. முதலில் மழை பெய்து தோல்வரை நனைத்தது. அப்புறம் பனியும் கடுங்காற்றும். பல்லாயிரக்கணக்கான மாடு செத்தது. அப்போது பார்த்து இழப்பீட்டுத் திட்டம் இல்லை: 2011 செப்டெம்பரோடு அதன் காலம் முடிந்து, புதிய விவசாயச் சட்டத்தை அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் நிறைவேற்றாமல் வைத்திருந்தது. போதாக்குறைக்கு அதே கிழமையில் வரவுசெலவுச் சண்டையில் மத்திய அரசாங்கமே மூடிக் கிடந்தது; கவுண்டி அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தால் பதில் சொல்ல ஆள் இல்லை. பண்ணைக்காரர்கள் ஒரு வேலை செய்தார்கள். புதைக்கும் முன் ஒவ்வொரு மாட்டையும் படம் எடுத்து, காது இலக்கத்தை எழுதி வைத்துக்கொண்டார்கள். 2014 பெப்ரவரியில் கையெழுத்தான சட்டம் 2011 அக்டோபர்வரை பின்னோக்கிப் போய் இழப்பீடு தரலாம் என்றபோது, அந்தப் படங்களுக்கு விலை வந்தது.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், உங்கள் மாமாவின் மாடும் அதே வழியில்தான் செத்தது. மண்டூஸ் புயல் டிசம்பர் 9 இரவு மாமல்லபுரத்துப் பக்கம் கரை கடந்தது. நமக்கு நேரடியாக அடிக்கவில்லை. ஆனால் அதற்கு முந்திய நாட்களில் வடக்கிலும் கிழக்கிலும் மழையும் வாடைக்காற்றும் விடாமல் அடித்தன. மாரிகாலப் பெரும்போக நெல்லை விதைத்துவிட்டால் வயலுக்குள் மாடு விட முடியாது. பட்டிகள் காட்டோரத்துக்கும் மேட்டுக்கும் ஒதுங்கும். புல் குறைவு, மாடு மெலிவு, படுக்க உலர்ந்த நிலம் இல்லை. மயிர் நனைந்தால் மாட்டுக்குப் போர்வை போனமாதிரி. மேலே காற்று அடித்தால் உடம்புச் சூடு இறங்கிக்கொண்டே போகும். பனி விழாத நாட்டிலும் மாடு குளிரில் சாகும் என்பதைக் கொழும்பில் சிலருக்கு அன்று நம்பவைக்கவே முடியவில்லை. “நோயாக இருக்கும், குளிராவது மாட்டைக் கொல்வதாவது” என்றார்கள். வடக்கு கிழக்கில் செத்த மாடு, எருமை, ஆடு எல்லாம் சேர்த்து ஆயிரத்தைத் தாண்டியது. மாதிரி எடுத்துப் பார்த்த கால்நடைத் திணைக்களமும் குளிர் அதிர்ச்சி என்றுதான் சொன்னது.

அந்தக் கிழமை நான் முல்லைத்தீவில் ஒரு குளக்கட்டின் அடியில் நின்றேன். மாடுகள் காற்றுக்கு முதுகு காட்டி, கட்டோடு ஒட்டி, ஒன்றன்மேல் ஒன்று சரிந்து கிடந்தன. கால்கள் விறைத்து நீட்டிக்கொண்டு. பெக்கோ இயந்திரம் வந்து குழி தோண்டிக்கொண்டிருந்தது. நாற்றம் எடுக்க முன் புதைக்க வேண்டும் என்பது சுகாதாரப் பகுதியின் கட்டளை, அதில் பிழை சொல்ல முடியாது. ஒரு பெரியவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து, உரப்பையிலிருந்து ஒரு கம்பி வளையத்தை எடுத்துக் காட்டினார். அதில் காதுகள் கோத்திருந்தன. பதினொரு காது. “தம்பி, இலக்கத் தகடு இருக்கிற மாடு இவ்வளவுதான். மிச்சம் இருபத்தாறுக்குத் தகடு இல்லை, சுடுகுறிதான். தோலை உரித்தா கொண்டுவர?” என்றார். படிக்காத மனுசன், ஆனால் நட்டஈடு என்ற பொறியமைப்பு எப்படி வேலை செய்யும் என்பது எங்கள் எல்லாரையும்விட அவருக்கு விளங்கியிருந்தது. பதினொன்றில் ஒன்றின் கோப்பு பிறகு கொழும்பிலிருந்து திரும்பி வந்தது. தகட்டில் 3 என்று இருந்ததைப் படிவத்தில் 8 என்று எழுதியிருந்தது. எழுதியது நான்தான். மழையில் நனைந்த காகிதம், என்ன செய்வது. அதைத் திருத்த நாலு மாதம் போனது.

இங்கே என்ன ஏற்பாடு என்று சுருக்கமாகச் சொன்னால்: 2005 இன் 13 ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம் இருக்கிறது, அனர்த்த முகாமைத்துவ நிலையம் இருக்கிறது, நிவாரணத்துக்கு இன்னொரு தேசிய நிலையம் இருக்கிறது. ஆனால் வீடு, உயிர், சமைத்த உணவு என்பவற்றுக்கு இருக்கும் பழக்கப்பட்ட பாதை மாட்டுக்கு இல்லை. மாட்டுக்கு அந்தந்த அனர்த்தத்துக்கென்று தீர்மானம் வேண்டும், பிறகு சுற்றறிக்கை வேண்டும். தொகையும் நிபந்தனையும் சுற்றறிக்கைக்குச் சுற்றறிக்கை மாறும். ஆகவே யாராவது ‘ஒரு மாட்டுக்கு இவ்வளவு’ என்று பொதுவாகச் சொன்னால், எந்தச் சுற்றறிக்கை என்று கேளுங்கள். இன்னொரு சிக்கலும் உண்டு. மாகாண சபைகளைக் கொண்டுவந்த 1987 இன் 13 ஆம் அரசியலமைப்புத் திருத்தத்துக்குப் பிறகு களத்தில் இருக்கும் கால்நடை வைத்திய அதிகாரி மாகாணத்தின் ஆள். பிரதேச செயலாளர் மத்தியின் ஆள். செத்த மாட்டைப் பார்த்துக் கடிதம் கொடுப்பவர் ஒரு வீடு, பணம் கேட்டு எழுதுபவர் இன்னொரு வீடு. விதானை எழுதிக்கொண்டு போன பெயர்ப்பட்டியல் வைத்தியரின் பட்டியலோடு ஒத்துப்போகாவிட்டால் இரண்டும் நடுவில் கிடக்கும். உங்கள் மாமாவின் விடயத்தில் இதுதான் நடந்திருக்கும் என்பது என் ஊகம். அவர் மிருக வைத்தியரிடம் போனதாக நீங்கள் எங்கேயும் எழுதவில்லை.

காப்புறுதி வேறு பாதை. 1999 இன் 20 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் கமத்தொழில் கமநலக் காப்புறுதிச் சபை கால்நடைக்கும் காப்புறுதி தருகிறது. தனியார் கம்பனிகளும் தருகின்றன. காதுத் தகடும் வைத்தியரின் சுகச் சான்றிதழும் இல்லாமல் எடுக்கமாட்டார்கள். கடன் எடுத்து வாங்கிய நல்ல கறவை மாட்டுக்கு இது பொருத்தம். நூறு நூற்றைம்பது நாட்டு மாடு காட்டில் மேயும் பட்டிக்கு யாரும் முழுதாகக் காப்புறுதி போடுவதில்லை; தவணைக் கட்டணம் பால் காசை விழுங்கிவிடும். பட்டிக்காரரைச் சோம்பேறி என்று சொல்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கட்டும்.

சரி, அமெரிக்காவின் வரட்சித் திட்டத்தை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து இங்கே வைத்தால்? உங்கள் மாமாவுக்கு ஒரு சதமும் கிடைக்காது. ஏனென்றால் அந்தப் பணம் மாட்டின் தொகையை மட்டும் பார்ப்பதில்லை, மேய்ச்சல் நிலத்தையும் பார்க்கிறது. சொந்தமாகவோ குத்தகைக்கோ இத்தனை ஏக்கர் புல் என்று முதலிலேயே அலுவலகத்தில் பதிந்திருக்க வேண்டும். இரண்டு கணக்கில் எது குறைவோ அதற்குத்தான் பணம். நம் பட்டிக்காரரிடம் இருப்பது பரம்பரை வழக்கம், காகிதம் இல்லை. அறுவடை முடிந்தால் வயல், விதைத்தால் காடு, காடு மூடினால் ஆற்றோரம். மட்டக்களப்பில் மயிலத்தமடு, மாதவனைப் பண்ணையாளர்கள் 2023 செப்டெம்பரிலிருந்து வீதியில் உட்கார்ந்தது எதற்காக? மேய்ச்சல் தரை என்று அவர்கள் தலைமுறையாக நினைத்த நிலத்தில் வெளியார் பயிர் செய்ய வந்ததற்காக. நிலம் யாருடையது என்பதே முடியாத இடத்தில் புல் காய்ந்ததற்கு யார் யாருக்குக் கொடுப்பது? மேய்ச்சல் தரையை அரசின் வர்த்தமானி அறிவித்தலில் போட்டு எல்லை கட்டுவதுதான் எந்த அனர்த்த மானியத்துக்கும் முதல் படி என்று நான் நம்புகிறேன். வரட்சி வரைபடம் போட்டுப் பணம் கொடுக்கும் முறை இங்கே சரிவருமா என்பதில் எனக்கு நிச்சயம் இல்லை. நம் பட்டியை அதிகம் கொல்வது மாரிக் குளிரும் வெள்ளமும். அதற்கு மழை, காற்று, வெப்பநிலை மூன்றையும் சேர்த்து ஒரு அளவுகோல் வேண்டும்.

இனி மாமாவுக்கு. 2022 இழப்புக்கு இப்போது பணம் வருமா என்று கேட்டால், எதிர்பார்க்க வேண்டாம் என்றுதான் சொல்வேன். பிரதேச செயலகத்தில் அந்த வருடப் பட்டியலில் அவர் பெயர் ஏறியதா என்று எழுத்தில் கேட்கலாம். 2016 இன் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டால் பதில் தந்தே ஆக வேண்டும். பெயர் இருந்தால் அடுத்த முறை அது ஒரு சாட்சி, ‘இவர் பட்டிக்காரர்தான்’ என்பதற்கு. அதற்கு மேல் அதில் காலம் செலவழிக்காதீர்கள்.

செய்ய வேண்டியது மழைக்கு முன்னம். கால்நடை வைத்திய அலுவலகத்தில் பண்ணைப் பதிவு இருக்கிறதா, அதில் எழுதியிருக்கும் எண்ணிக்கை எந்த வருடத்தது என்று பாருங்கள். பலருடைய பதிவில் பத்து வருடத்துக்கு முந்திய தொகை அப்படியே கிடக்கிறது. கால்-வாய் நோய்க்குத் தடுப்பூசி போட வரும் நாள்தான் உங்களுக்கு வாய்ப்பு. அன்றைக்கு மாடு முழுவதும் பட்டியில் அடைத்து நிற்கும், எண்ணுபவர் அரச ஆள், திகதி போட்டு எழுதுவார். அந்தத் தாளைக் கைத்தொலைபேசியில் படம் எடுத்து, உங்களுக்கு ஒரு பிரதி கொழும்புக்கு அனுப்பச் சொல்லுங்கள். ஒட்டுசுட்டானில் பட்டி வெள்ளத்தில் போனால் மாமாவின் தொலைபேசியும் கூடவே போகும். 2025 நவம்பரில் டித்வா புயல் வந்தபோது மாட்டையே வெள்ளம் இழுத்துக்கொண்டு போன இடங்களில், வெட்டிக் காட்டக் காது கூட மிஞ்சவில்லை. பால் ஊற்றும் நிலையத்தின் சிட்டைகளையும் எறிய வேண்டாம். எத்தனை பசு கறவையில் நின்றது என்பதற்கு அதைவிட நல்ல கணக்கு இல்லை. மாடு வாங்கியிருந்தால், அது யாருடையது என்று காட்டும் விபரச் சீட்டையும் வைத்திருக்க வேண்டும். தகடு இல்லாத மாடுகளுக்குத் தகடு கேட்டு எழுதிக் கொடுங்கள். உடனே கிடைக்காது, ஆனால் கேட்ட கடிதம் கோப்பில் இருக்கும்.

அப்படியும் செத்தால், விதானைக்கும் மிருக வைத்தியருக்கும் ஒரே நாளில் சொல்ல வேண்டும், ஒரே எண்ணிக்கையைச் சொல்ல வேண்டும். பெக்கோ வருவதற்குள் ஒவ்வொரு மாட்டுக்கும் இரண்டு படம்: முழு உடம்பு, தகடு இருந்தால் அது தெரியக் காது, இல்லாவிட்டால் சுடுகுறி. குறியில் சேறு பிடித்திருக்கும். ஒரு போத்தல் தண்ணீரால் கழுவிவிட்டு எடுங்கள். கன்றுகளையும் எடுக்கச் சொல்லுங்கள். எங்கள் ஆட்கள் கன்றைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை, “அது சின்னன் தானே” என்பார்கள். அந்தக் குளக்கட்டில் பெரியவர் சொன்ன முப்பத்தேழில் கன்று ஒன்றும் இல்லை. நான் எண்ணியபோது ஒன்பது கிடந்தது.